மிலேத்துக் கரையும் தோர்னக்கல் ரயிலடியும்

சேகரம் மாறிப்போகும் ஐயரின் கட்டிலும் பீரோவும் லாரியில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஆலயத்தின் வெஸ்ட்ரிக்குள் வேறொரு வேலை நடக்கும். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, திருவிருந்துப் பாத்திரங்கள், காணிக்கைக் கணக்கு, சாவிக்கொத்து என ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அடுத்தவர் கையில் ஒப்படைப்பார்கள். வெளியே குருமனை வாசலில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே கையெழுத்து விழுந்துகொண்டிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இவ்விரண்டும் சேர்ந்ததே பிரிவுபசாரம். அழுகைக்கும் கணக்குக்கும் என்ன உறவு என்ற கேள்வி எனக்கு நெடுநாளாக உண்டு. பதினெட்டு நூற்றாண்டுக்கும் மேல் இடைவெளியுள்ள இரண்டு பிரிவுகளை அருகருகே வைத்தபோதுதான் அதற்கு ஒரு விடை தென்பட்டது. ஒன்று, எபேசு சபையின் மூப்பர்களிடம் பவுல் மிலேத்துவில் விடைபெற்றது. மற்றொன்று, வே. சா. அசரியா திருநெல்வேலியைப் பிரிந்து 1909-இல் தோர்னக்கலுக்குப் போனது.

முதலில் கண்ணில் படுவது வேற்றுமைதான். பவுல் எபேசுவில் பிறந்தவர் அல்லர். மூன்று ஆண்டு அங்கே உழைத்து அந்தச் சபையைத் தம்முடையதாக்கிக்கொண்டவர். அசரியா வெள்ளாளன்விளையில் ஒரு போதகரின் மகனாக 1874-இல் பிறந்தவர். திருநெல்வேலிச் சபை அவருக்குத் தாய்வீடு. முன்னவருக்குக் குடும்பம் இல்லை. பின்னவர் மனைவி அன்பு மரியம்மாளையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தெலுங்கு நாட்டில், சிங்கரேணி நிலக்கரிக்காகக் கிளைப்பாதை பிரியும் ஒரு ரயில் சந்திப்பில் குடியேறினார். முன்னவர் போன இடங்களில் பெரும்பாலும் கிரேக்கமே போதுமானதாக இருந்தது. பின்னவரோ நடுவயதை நெருங்கும்போது ஒரு மொழியை அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

புறப்பட்ட விதமும் வேறு. பவுல் எபேசுவுக்குள் போகவே இல்லை. பெந்தெகொஸ்தே நாளுக்குள் எருசலேம் சேரவேண்டும் என்ற அவசரத்தில் அந்த நகரைக் கடந்து வந்து, மிலேத்துவிலிருந்து ஆளனுப்பி மூப்பர்களை வரவழைத்தார் என்று லூக்கா காரணம் சொல்கிறார். ஐம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்த வழியை அவர்கள் கடந்து வந்துசேர எடுத்த நாள்களைக் கணக்கிட்டால், நேரம் பெரிதாக மிச்சமாகியிருக்காது. அன்பு வைத்த ஊருக்குள் ஒருமுறை காலை வைத்தால் எளிதில் எடுக்கமுடியாது என்பதும் பவுலுக்குத் தெரிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். அசரியாவின் பிரிவு இதற்கு நேர்மாறாக, ஆண்டுக்கணக்கில் மெல்ல நடந்தது. 1902-இல் யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் வெளியிடத்துக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. சங்கத்தின் ஊழியர்கள் தோர்னக்கலுக்குப் போனார்கள். செயலாளரான அசரியா ஊர் ஊராகப் பேசி இளைஞர்களை அழைத்தார். பிறரைப் போகச்சொல்லும் தான் ஏன் போகவில்லை என்ற கேள்வி கடைசியில் அவரையே பிடித்துக்கொண்டது. வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளர் பதவியை விட்டு, குருப்பட்டம் பெற்றுப் புறப்பட்டார்.

இத்தனை வேற்றுமைக்கு நடுவே ஓர் ஒற்றுமை எதிர்பாராத இடத்தில் நிற்கிறது. மிலேத்துப் பேச்சின் முடிவை அழுகையோடு கேட்டுப் பழகிவிட்டதால், அழுகைக்குச் சற்று முன் பவுல் எதைப் பேசினார் என்பதை நாம் கவனிப்பதில்லை. அவர் பணத்தைப் பற்றிப் பேசினார். ஒருவருடைய வெள்ளிக்கும் பொன்னுக்கும் துணிக்கும் தாம் ஆசைப்பட்டதில்லை என்றார். தமக்கும் தம்மோடிருந்தவர்களுக்கும் வேண்டியதைத் தம் கைகளே உழைத்துத் தந்தன என்றார். எபேசுவில் வெள்ளி என்ற சொல்லுக்குக் கனம் அதிகம். தியானாள் கோயிலுக்கு வெள்ளிச் சிறுகோயில்கள் செய்து பிழைத்த தெமேத்திரியு நகரையே கலகத்தில் ஆழ்த்தியதும், மனந்திரும்பியவர்கள் ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறுமான மந்திர நூல்களை எரித்ததும் அங்கேதான். வெள்ளியால் பக்தி நடந்த ஊரில், வெள்ளி தொடாத தம் கைகளைக் காட்டி அவர் விடைபெற்றார். கணக்கு முடிந்தபின் முழங்கால் படியிட்டார்கள். அதன் பிறகே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

அசரியாவின் பிரிவிலும் மையத்தில் இருப்பது பணமே. திருநெல்வேலித் திருச்சபை சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற இரண்டு ஆங்கிலச் சங்கங்களின் மடியில் வளர்ந்தது. அந்த மடியிலிருந்து இறங்கி, இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்று 1903-இல் வகுத்த விதி சாதாரணத் துணிவு அன்று. உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனிக்கலயத்தில் போட்டு, நிறைந்ததும் ஆலயத்துக்குக் கொண்டுவரும் வழக்கமுள்ள வீடுகள் அவை. தொலைவிலுள்ள தெலுங்குக் கிராமங்களுக்கான செலவு இத்தகைய வீடுகளிலிருந்தே வரவேண்டும் என்றார்கள். பவுல், சபைக்குப் பாரமாக இருக்கவில்லை என்று சொல்லிப் பிரிந்தார். அசரியா, சபை விரும்பி ஏற்ற பாரமாகவே பிரிந்தார். திசை வேறாக இருந்தாலும் இருவரும் தீர்த்துவைத்த ஐயம் ஒன்றுதான்: இவர் யாருடைய காசுக்காக எங்களிடம் இருந்தார், யாருடைய காசுக்காகப் போகிறார்? அந்த ஐயம் தீர்ந்த மனம்தான் தடையில்லாமல் அழமுடியும். வெஸ்ட்ரியில் விழும் கையெழுத்துக்கும் வாசலில் நிற்பவர்களின் கண்ணீருக்கும் உள்ள உறவு எனக்குப் புரிந்தது இங்கேதான்.

மிலேத்துவில் மூப்பர்களைப் பவுல் கண்காணிகள் என்றார். அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்தே பிஷப் என்ற சொல் பிறந்தது. அங்கே பொறுப்பு, ஊரிலேயே இருந்துவிடுபவர்களுக்குப் போனது. தோர்னக்கலில் அது, ஊரைவிட்டு வந்தவரைத் தேடி வந்தது. 1912 டிசம்பர் 29 அன்று, கல்கத்தாவில், பவுலின் பெயரையே தாங்கிய பேராலயத்தில், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அசரியா அபிஷேகம் பெற்றார். அந்தப் பதவிக்கு ஓர் இந்தியர் தகுமா என்று மிஷனெரிகளிலேயே பலர் தயங்கிய காலம் அது.

பிரிவுக்குப்பின் வரும் ஆபத்தையும் இருவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் கண்டார்கள். வெளியிலிருந்து ஓநாய்கள் வரும் என்ற பவுல், உங்களுக்குள்ளிருந்தே சிலர் எழும்புவார்கள் என்று சேர்த்துச் சொன்னார். அசரியா தம் வாழ்நாள் முழுதும் எதிர்த்துநின்ற உள்ளிருக்கும் ஓநாய், திருச்சபைக்குள் புகுந்த சாதி. மாலா மக்களையும் மாதிகா மக்களையும் ஒரே சபையாக்க அவர் பட்ட பாடு பெரிது. எபேசுவுக்கு நேர்ந்ததை வெளிப்படுத்தின விசேஷம் சொல்கிறது: போலி அப்போஸ்தலரைச் சோதித்து அடையாளம் கண்டார்கள், ஆதியில் இருந்த அன்பை மட்டும் விட்டுவிட்டார்கள். எச்சரிக்கையைக் காத்துக்கொண்டவர்கள் கரையில் சிந்திய கண்ணீரை இழந்தது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. திருநெல்வேலி அப்படி இழக்காமல் இருக்க அந்தப் பிடி அரிசியும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். போனவரை நினைக்க அவர்களுக்கு நாள்தோறும் உலையடியில் ஒரு வேளை இருந்தது.

தோர்னக்கலுக்குப் போன மறு ஆண்டு, எடின்பரோவில் கூடிய மிஷனெரி மாநாட்டில், பொருளும் தியாகமும் தந்த மிஷனெரிகளிடம் நட்பைக் கேட்டார் அசரியா. கேட்டவரே அப்போது வேற்றுமொழிக் கிராமங்களில் ஓர் அயலார் என்பதை நினைவில் வைத்து அந்தப் பேச்சைப் படிக்கவேண்டும். வீடு வீடாகச் சென்றதையும் கண்ணீரோடு புத்தி சொன்னதையும் பவுல் மிலேத்துவில் நினைவூட்டியது இதன் அருகில் வந்து அமர்கிறது.

அசரியா 1945-இல் தோர்னக்கலிலேயே மறைந்து அங்கேயே அடக்கமானார். அவரைச் சுற்றித் தமிழ் ஊழியர்கள் இருந்தார்கள். விட்டுவந்த சபை பின்தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது. பவுலுக்கும் அப்படியே. மிலேத்துவிலிருந்து பிரிந்ததைச் சொல்ல, பிய்த்துக்கொண்டு வருவதைக் குறிக்கும் வினையையே லூக்கா ஆள்கிறார். ஆனால் பவுலின் பயணத் தோழர்களுக்குள் எபேசுக்காரர் ஒருவர் இருந்தார்: துரோப்பீமு. எருசலேமில் கலகம் மூண்டதும், அவரைப் பவுலோடு நகருக்குள் கண்டதால்தான். பவுலின் பெயரில் தீமோத்தேயுவுக்கு வந்த இரண்டாம் கடிதம் முடியும் இடத்தில் அவர் பெயர் மறுபடி வருகிறது. நோயுற்ற துரோப்பீமுவை விட்டுவந்ததாக அங்கே சொல்லப்படும் ஊர், மிலேத்து.