நாலாயிரம் வராகன்

புதுச்சேரி நகரத்தின் தென்பகுதிக்கு உப்பளம் என்று பெயர். பெயரில் உப்பு இருக்கிறது, தரையில் பாத்தி இல்லை. பிரெஞ்சுப் புதுச்சேரியின் உப்புத் தொழிலை மழையோ கடலோ கெடுக்கவில்லை. தாளில் எழுதி நிறுத்தினார்கள். 1805 முதல் சென்னை மாகாணத்தில் உப்பு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் தனியுரிமை, கும்பினி வைத்ததே விலை. நெப்போலியன் போர்கள் ஓய்ந்து புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பிக் கொடுக்கும் வேளையில் அந்த விலைக்கு ஆபத்து வந்தது. பிரெஞ்சு ஊர்களும் ஆங்கில ஊர்களும் கலந்து கிடந்த சீமையில் மலிவு உப்பு ஒரு வரப்பைத் தாண்டினால் போதும். 1815 மார்ச் 7 அன்று லண்டனில் உடன்படிக்கை ஆயிற்று: உள்ளூர்த் தேவை போக மீதி உப்பை வாங்கும் உரிமை கும்பினிக்கு, பிரெஞ்சு அரசுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். அதுவும் போதவில்லை. 1818 மே 13 அன்று எழுதிய ஒப்பந்தம் உற்பத்தியையே நிறுத்தியது. அளத்து உடைமைக்காரர்களுக்கு ஈடு ஆண்டுக்கு 4,000 வராகன். வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்றால் 14,000 ரூபாய். இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கள்ளக்கடத்தல் நடக்கத்தானே செய்தது, அதைத் தடுக்க வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் கடத்தலுக்கு லாபம் தந்ததே கும்பினி ஏற்றிவைத்த விலை. தன் விலையால் பிறந்த குற்றத்தைக் காட்டி அடுத்தவன் பாத்தியை மூடச் சொல்வது வியாபாரம். அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்தது சாமர்த்தியம். ஈடு கொடுத்தார்களே என்றால், அது உடைமைக்காரருக்கு. வெயிலில் நின்று உப்பு வாரியவருக்கு அந்தக் கணக்கில் பத்தியே கிடையாது.

இப்படிப் பெயரை மாற்றிப் பேசும் சாமர்த்தியத்தைத் திரையிலும் பார்க்கலாம். ‘தேங்க் யூ ஃபார் ஸ்மோக்கிங்’ (2005) என்ற அமெரிக்க நையாண்டிப் படத்தின் நாயகன் நிக் நெய்லர் புகையிலைக் கம்பெனிகளுக்காகப் பேசுகிறவன். புகையிலையின் கேட்டை அவன் மறுத்து மல்லுக்கட்டுவதில்லை. பேச்சையே தனிமனித சுதந்திரத்தின் பக்கம் திருப்பிவிடுவான். இருபதாம் நூற்றாண்டு விளம்பரக் கலையை 1818-ன் தலையில் கட்டுவது காலமயக்கம் என்று யாரேனும் சொன்னால், அவர்களுக்கு இங்கிலாந்தின் செஷயர் உப்பு முதலாளிகளைக் காட்டலாம். லிவர்பூல் வழியாக உப்பு ஏற்றுமதி செய்த இவர்கள், கும்பினியின் தனியுரிமையால் வங்காள ஏழை அழுக்கு உப்பை அநியாய விலைக்கு வாங்குகிறான் என்று குரல் எழுப்பினார்கள். 1836-ல் நாடாளுமன்றக் குழுவே அமர்ந்து உப்பு விவகாரத்தை விசாரித்தது. அவர்கள் சொன்னது பொய்யல்ல என்பதுதான் கவனிக்க வேண்டியது. விலை கொடுமையாகத்தான் இருந்தது. நெய்லருக்கும் பிடித்த சரக்கு பொய் அல்ல, பாதி உண்மை. மீதிப் பாதி பின்னால் தெரிந்தது: செஷயர் உப்பு வங்காளத்தை நிறைத்தது, 1860-களில் அங்கே அரசின் உப்புக் காய்ச்சலே நின்றது, மலங்கிகள் என்ற உப்புக் காய்ச்சிகள் பிழைப்பிழந்தார்கள். ஏழைக்கோ உப்பு வரி அப்படியே நின்றது. 1930-ல் தண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடக்கும் அளவுக்கு நின்றது.

கும்பினி அச்சத்தைக் காட்டிப் பேசியது, செஷயர் இரக்கத்தைக் காட்டிப் பேசியது. இரண்டில் கும்பினியே தேவலை என்பேன். அது ஏழைக்காக அழுததாகவாவது சொல்லிக்கொள்ளவில்லை. 15 ஆண்டுக்கென்று தொடங்கிய அந்த 4,000 வராகன் ஏற்பாட்டை 1837-ல் காலவரையின்றி நீட்டித்தார்கள். இன்று உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் இருக்கிறது.