சொல்வதெழுதுதலிலிருந்து அரை பேண்ட் வரை

1897-இல் பிரிட்டிஷ் காலனியான நேட்டால் கொண்டுவந்த குடியேற்றத் தடைச் சட்டத்தில் இந்தியர் என்ற சொல்லே கிடையாது. கரையிறங்க வருபவர் ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில், அதன் எழுத்திலேயே, விண்ணப்பம் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று அது கேட்டது. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளை அது தொடவில்லை. அவர்கள் இல்லாமல் தோட்டம் நடக்காது. சொந்தச் செலவில் வந்த வணிகர்களுக்கு வைத்த பொறி அது. நிறத்தைச் சொல்லாமலே நிறத்தை நிறுத்திய இந்த ஏற்பாடு பிரிட்டிஷ் காலனித்துறை அமைச்சர் ஜோசப் சேம்பர்லினுக்குப் பிடித்துப்போக, அவர் மற்ற காலனிகளுக்கும் அதையே பரிந்துரைத்தார்.

ஆஸ்திரேலியா 1901-இல் அதைச் சொல்வதெழுதுதலாக்கியது. அதிகாரி 50 சொற்களை வாசிப்பார், வந்தவர் எழுத வேண்டும். எந்த ஐரோப்பிய மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். 1934-இல் போர் எதிர்ப்பு மாநாட்டுக்கு வந்த பிராகு எழுத்தாளர் எகோன் கிஷ் இறங்க அனுமதி கிடைக்காமல், மெல்போர்னில் கப்பலிலிருந்து குதித்துக் காலை ஒடித்துக்கொண்டார். பல மொழி தெரிந்த அந்த மனிதருக்குச் சிட்னியில் வைத்த தேர்வு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில்! சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழிகளில் கேலிக் சேராது என்று நாட்டின் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளிக்க, ஸ்காட்லாந்து வம்சத்தாருக்குக் கோபம் வந்தது. தேர்வு 1958 வரை தாக்குப்பிடித்தது.

மொழியறிவு புள்ளிக் கணக்கானது கனடாவில். 1967-இல் வந்த முறையில் 100 புள்ளிக்கு 50 எடுத்தால் போதும். ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டுக்கும் சேர்த்து 10. அதைப் போட்டவர் அதிகாரிதான். 2002-இல் மொழியின் பங்கு 24 ஆனது. 2010-இல் திறன்சார் தொழிலாளர் பிரிவில் விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் அங்கீகரிக்கப்பட்ட தேர்வு கட்டாயமாக, அதிகாரியின் கணிப்புக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

2015-இல் கனடா தொடங்கிய எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் விண்ணப்பதாரர்கள் 1200 புள்ளிகளுக்கு ஒருவரோடொருவர் போட்டியிடுகிறார்கள். மணமாகாத ஒருவர், முதுகலைப் பட்டமும் மூன்றாண்டு வெளிநாட்டு வேலை அனுபவமும் உள்ளவர், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்டலில் 8 பேண்ட், வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றிலும் 7 பேண்ட் எடுத்தால் நான்கு திறனுக்கும் தலா 31 புள்ளி. எழுத்தில் மட்டும் 6.5 என்றால் அந்த 31, 23 ஆகிறது. இழப்பு அதோடு நிற்பதில்லை. நான்கிலும் அந்த உயர்நிலை இருந்தால்தான் படிப்புக்கும் அனுபவத்துக்கும் தலா 50 கூடுதல் புள்ளி. ஒன்று சறுக்கினாலும் தலா 25. ஆக அரை பேண்டின் விலை 58 புள்ளி. கேலிக் மொழி வைத்தவரிடம் வாதாடவாவது முடிந்தது.

தேர்வு முடிவின் ஆயுள் 2 ஆண்டு. அதற்குள் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் போய்ச் சேராவிட்டால் கட்டணம் கட்டி மறுபடி எழுத வேண்டும், ஆங்கிலமே தாய்மொழியான லண்டன்காரரும்தான்.