கம்பி விழுந்த பிறகும்: மாரியப்பன் தங்கவேலுவின் எட்டாண்டுகளும் பயிற்சியில் நிலைத்தலும்

உயரம் தாண்டுதலில் தொடர்ந்து மூன்று முயற்சிகள் தவறினால் வீரர் வெளியேற வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் விலகிய பிறகு, தங்கம் உறுதியானவரும் கம்பியை இன்னும் உயர்த்தச் சொல்லித் தாண்டிப் பார்ப்பார். அவருடைய ஆட்டமும் பெரும்பாலும் கம்பி விழுவதில்தான் முடியும். இத்தகைய விளையாட்டில் ஒருவர் வெற்றியின் மகிழ்ச்சியை மட்டும் நம்பிப் பல ஆண்டுகள் நீடிக்க இயலாது. கடும் உடற்பயிற்சியைத் தொடரச் செய்வது எது என்று ஆராய இது நல்ல களம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் 1995இல் பிறந்து, ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிய மாரியப்பன் தங்கவேலுவின் பதிவுகளை அதற்கெனவே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

2016 ரியோ பாராலிம்பிக்கில் அவர் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். தமிழகம் கொண்டாடியது அந்த எண்ணைத்தான். ஆனால் ஆய்வுக்கு உதவுவன அதற்குப் பின்வந்த எண்கள். 2018 ஜகார்த்தா ஆசியப் பாரா விளையாட்டில் 1.67, வெண்கலம். 2019 துபாய் உலகப் போட்டியில் 1.80, மீண்டும் வெண்கலம். டோக்கியோ பாராலிம்பிக்கில் தேசியக் கொடி ஏந்த வேண்டியவர், கொரோனா தொற்றுள்ளவருக்கு அருகில் இருந்ததால் தொடக்க விழாவிலிருந்து விலக்கப்பட்டார்; சில நாள்களில், மழைக்கு நடுவே 1.86 தாண்டி வெள்ளி பெற்றார். 2023 ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் 1.80, 2024 மே மாதம் கோபேயில் 1.88உடன் உலகத் தங்கம், செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கில் 1.85உடன் வெண்கலம். இந்த ஆறு போட்டிகளில் ஒன்றில்கூட ரியோவின் உயரத்தை அவர் எட்டவில்லை. ஆனாலும், தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே.

இப்படி அவர் தொடர்வதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வைராக்கியம். அவர் விடாமல் தொடர்வதைக் கண்டு வைராக்கியம் உண்டென்கிறோம். பிறகு அந்த வைராக்கியத்தால்தான் தொடர்கிறார் என்கிறோம். இது வட்டமிடும் வாதம். இதனால் நேரும் தீங்கும் சிறிதல்ல: பாதியில் நின்றுபோன பிள்ளைகளை நெஞ்சுரம் இல்லாதவர்கள் என்று தள்ளிவிட இது வழிசெய்கிறது.

அடுத்த விளக்கம் பணம். ரியோ வெற்றிக்குத் தமிழக அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. ஆனால் உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனையில், புதிர் விடுவிக்கக் காசு பெற்ற கல்லூரி மாணவர்கள், காசு நின்றதும் அப்புதிரில் முன்போல நாட்டம் காட்டவில்லை. இதைக் கொண்டு பரிசு ஆர்வத்தைக் கெடுக்கும் என்று நம் ஊருக்குத் தீர்ப்பெழுதுவது தவறு. காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்த மாரியப்பனுடைய தாயின் வீட்டில், பணம் என்பது மகன் கூலி வேலைக்குப் போகாமல் காலையில் மைதானத்துக்குப் போவதற்கான வழி. பயிற்சிக்குப் பணம் இடம் அமைத்துத் தருகிறது; ஆனால் 1.67க்குப் பிறகு மறுபடி ஓடிவந்து தாண்டவைத்தது பணம்தான் என்று கொள்ள முடியவில்லை.

டெசியும் ரிச்சர்ட் ரையனும் பின்னர் வகுத்த கோட்பாடு தன்விருப்பம், திறனுணர்வு, உறவு என்னும் மூன்று தேவைகளைச் சொல்கிறது. பின்னிரண்டும் இங்கே தெளிவாகப் புலப்படுகின்றன. கம்பி சென்டிமீட்டரில் பேசுகிறது: 1.67 என்பது 1.89இலிருந்து சரிவு, அடுத்த வாரத்துக்கு 1.70 என்னும் இலக்கைத் தருவதும் அதுவே. அந்த எண்ணை உடனிருந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். பள்ளியில் அவருடைய திறனை அடையாளம் கண்டவர் உடற்கல்வி ஆசிரியர்; பிறகு வளர்த்தெடுத்தவர் பெங்களூருவில் பயிற்சியளித்த சத்யநாராயணா.

அதே சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் கிரிக்கெட் பந்துவீச்சாளர் த. நடராஜன் கதையும் இதற்கு அரண் செய்கிறது. 2015இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானதும் அவருடைய பந்துவீச்சு முறை ஐயத்துக்குள்ளானது. கை பழகிய அசைவை மறந்து வேறொன்றைப் பழகுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். அதைக் கடந்து வந்து, 2020-21 ஆஸ்திரேலியப் பயணம் ஒன்றிலேயே மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். ஊரிலேயே ஜெயப்பிரகாஷ் என்ற வழிகாட்டி அவருக்கு இருந்தார்.

பழக்கம் உருவாவது பற்றிப் பிலிப்பா லாலி குழுவினர் லண்டனில் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு ஆன நாள்களின் இடைநிலை அளவு 66. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் குலைந்துவிடவில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் சித்திரை வெயிலில் சில காலைகள் தவறத்தான் செய்யும். தவறிய மறுநாள் "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒருவர் இருக்கிறாரா என்பதையே நம் திட்டங்கள் முதலில் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கு விட்டுக்கொடுக்கும் பள்ளிகள், அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒரே ஆளான உடற்கல்வி ஆசிரியரை மாணவரிடமிருந்து பிரித்துவிடுகின்றன. புதிய அரங்குகளுக்குச் செலவிடும் முன் அந்தப் பாடவேளையைத் திருப்பித் தரலாம். அதற்குச் செலவும் இல்லை.