சிற்றில் முதல் பிரவுசர் வரை: ஒரு காசில்லா விளையாட்டின் வரலாறு

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, சோழர் காலத்து நீர்ப்பாசனமோ கடலூர்த் துறைமுக வாணிபமோ எழுதித் தருவேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். நானோ பேரப்பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடும் ஒரு விளையாட்டைப் பற்றி எழுதப் புறப்பட்டிருக்கிறேன். "இதுல என்னய்யா வரலாறு?" என்று பழைய வகுப்புத் தோழர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். கடலூர்க் கோட்டையும் இதில் வரும், சிதம்பரம் கோபுரமும் வரும்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு வெட்டவெளி. தரை, மரம், மலை, தண்ணீர் எல்லாமே சதுரக் கட்டைகள். ஒரு கட்டையைப் பெயர்த்து எடுக்கலாம், வேறோர் இடத்தில் வைக்கலாம். அவ்வளவுதான் விதி. ஜெயிப்பதும் கிடையாது, தோற்பதும் கிடையாது. வீடு கட்டலாம், கோயில் கட்டலாம், கிணறு வெட்டலாம், அலுத்துப் போனால் இடித்துவிடலாம். மைன்கிராஃப்ட் என்று பெயர். சுவீடன் நாட்டு மார்க்கஸ் பெர்சன் என்ற நிரலாளர் 2009 மே மாதம் இதை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜாக்கரி பார்த் என்ற அமெரிக்கர் செய்த இன்ஃபினிமைனர் என்ற கட்டை விளையாட்டைப் பார்த்துத்தான் தனக்கு யோசனை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆரம்ப வடிவத்தை, பிரவுசர் என்று பிள்ளைகள் சொல்லும் இணைய உலாவியிலேயே, ஒரு பைசா கொடுக்காமல் ஆட முடிந்தது.

என் பேரன் இதை எனக்கு விளக்கியபோது, "தாத்தா, இந்த மாதிரி விளையாட்டு முன்னாடி உலகத்துலயே இல்ல" என்றான். "இருந்துச்சுடா கண்ணா, ரெண்டாயிரம் வருஷமா இருக்கு" என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்காகவும் உங்களுக்காகவும் அந்தக் கதை.

சங்க இலக்கியம் படித்தவர்களுக்குச் சிற்றில் என்ற சொல் நினைவிருக்கும். சிறுமிகள் மணலில் கட்டும் சின்ன வீடு அது. கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில் ஒரு பெண் தன் தோழியிடம் பழைய கதை ஒன்றைச் சொல்கிறாள். தெருவில் நாம் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்துவிட்டு ஓடினானே ஒரு துஷ்டப் பையன், நினைவிருக்கிறதா என்று அந்தக் கதை தொடங்குகிறது. பின்னால் ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதையும் இதற்கென்றே ஒதுக்கினாள். எங்கள் சிற்றிலை இடிக்காதே என்று ஆய்ச்சியர் கண்ணனிடம் கெஞ்சும் பதிகம் அது. பிள்ளைத்தமிழ் இலக்கணத்தில் ஆண்பாலுக்கு உரிய பத்துப் பருவங்களில் எட்டாவது சிற்றில் பருவம். பதினேழாம் நூற்றாண்டில் நம் பக்கத்தில் வைத்தீசுவரன் கோயில் முருகன் மேல் குமரகுருபரர் பாடிய முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழிலும் அந்தப் பருவம் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கட்டுவது பெண் பிள்ளைகள், இடிப்பது ஆண் பிள்ளை. நம் இலக்கியத்தில் கட்டிடம் கட்டும் விளையாட்டு பேசப்படும்போதெல்லாம் இடிபடும் கவலையும் கூடவே வருகிறது. மணல் காசில்லாமல் கிடைக்கும். ஆனால் மணலில் கட்டியதற்குப் பட்டா கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கட்டுவதுதான் இடியும், பெரியவர்கள் கட்டுவது நிற்கும் என்று யாராவது சொன்னால், அவரைத் தேவனாம்பட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். படிக்கிற காலத்தில் கடலைப் பொட்டலத்தோடு சில்வர் பீச்சுக்குப் போனோமே, அதே இடம். செஞ்சியில் இருந்த மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் அங்கே ஒரு கோட்டையை விலைக்கு வாங்கியது. அப்போது சென்னைக் கவர்னர் எலிஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழும் தூரம் வரை கம்பெனிக்கு என்று பேச்சு. அப்படிச் சுட்டுப் பிடித்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயரை இந்தச் சங்கதியோடு சேர்த்துத்தான் நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்.

அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் கம்பெனியின் சோழமண்டலக் கரைத் தலைமையகமாக இருந்தது இதுவே. ராபர்ட் கிளைவ் இங்கே பொறுப்பில் இருந்திருக்கிறார். 1758 ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்தார், பிடித்ததும் இடித்துப் போட்டார். வாங்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டால் 68 ஆண்டுகள். சிற்றில் சிதைத்த பையனுக்கும் லாலிக்கும் கருவி வேறு, அவ்வளவுதான். இன்று கெடிலம் ஆற்றங்கரையில் கொஞ்சம் சிதைவுகள் மிச்சம்.

ஆனாலும் அந்தக் கோட்டையைப் பற்றி இவ்வளவு பேச முடிகிறதே, எப்படி? கம்பெனி குமாஸ்தாக்கள் நாள்தோறும் எழுதி வைத்தார்கள். அந்தக் கோட்டையின் நடவடிக்கைக் குறிப்புகளைச் சென்னை ஆவண அலுவலகம் பின்னால் அச்சிட்டு வெளியிட்டது. இந்தப் பக்கம் புதுச்சேரியில் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கித் தம் தமிழ் நாட்குறிப்பில் தேவனாம்பட்டணத்துச் சேதிகளையும் எழுதி வந்தார். சுவர் போய்விட்டது, எழுத்து நின்றது.

சிதம்பரத்துக்கு வாருங்கள். நடராசர் கோயிலின் கோபுரங்களை அண்ணாந்து பார்த்த நாம், அவை எப்படிக் கட்டப்பட்டன என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? கீழ்ப்பகுதி கருங்கல். அதற்கு மேல் எழும் நிலைகள் செங்கல்லும் சுதையும். மேலே போகப் போகக் கனம் குறைய வேண்டும் என்பதற்காக நம் ஸ்தபதிகள் கண்ட வழி இது. கல் காலத்தைத் தாங்கும். செங்கல்லும் சுதையும் மழையிலும் உப்புக் காற்றிலும் உதிரும், ஆலஞ்செடி முளைக்கும். அதனால் திருப்பணி என்ற ஏற்பாடு இல்லாமல் கோபுரம் நிற்காது. வடக்குக் கோபுரத்தில் விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயரின் பணி உண்டு என்பதைக் கல்வெட்டு சொல்கிறது. கோபுரம் நிற்பதற்குக் கல்லின் பலம் பாதிக் காரணம். திரும்பத் திரும்பக் கட்டிய கைகளும், யார் என்ன செய்தார் என்று எழுதி வைத்த கல்வெட்டும் மீதிப் பாதி.

இனி கட்டை விளையாட்டுக்கு. குழந்தை கையில் மரக்கட்டைகளைக் கொடுத்து அடுக்கச் சொன்னால் அறிவு வளரும் என்று ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்ற ஆசிரியர் கண்டார். 1837இல் அவர் தொடங்கிய பள்ளிதான் கிண்டர்கார்டனுக்கு மூலம். எட்டுச் சிறு கனசதுரங்கள் கொண்ட பெட்டி அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்த பரிசுகளில் ஒன்று. இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அடுக்கடுக்காக வைக்கும் இளஞ்சிவப்புக் கனசதுரங்கள் அவருடைய கருவிகளில் ஒன்று. டென்மார்க்கின் லெகோ கம்பெனி, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைக்கு 1958இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. எல்லாம் நல்ல சரக்குதான். ஆனால் நம் தலைமுறையில் எத்தனை வீட்டில் அதை வாங்க முடிந்தது?

நமக்குக் கிடைத்தது நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்தில் போடும் பூங்கா. ஆற்று மணலைக் கொட்டி, கேழ்வரகோ கடுகோ தூவி, தண்ணீர் தெளித்தால் நாலு நாளில் பச்சைப் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடிதான் குளம். தீப்பெட்டிதான் வீடு. செலவு ஒன்றுமில்லை. விஜயதசமிக்கு மறுநாள் அம்மா வந்து, "போதும், எடுங்கடா" என்பாள். பத்து நாள் ராஜ்ஜியம் குப்பைக்கூடைக்குப் போகும். அந்தச் சின்ன வயதில் நெஞ்சு அடைத்ததே, அதுதான் சிற்றில் பருவம்.

அந்த வரிசையில்தான் பிரவுசர் விளையாட்டு வந்து நிற்கிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் பிரவுசிங் சென்டர்கள் பெருகிய காலத்தை நம்மில் இளையவர்கள் அறிவார்கள். தட்டித் தடுப்புக்குள் உட்கார்ந்து, மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து, பரீட்சை முடிவு பார்க்கப் போனவர்கள் மிச்ச நேரத்தில் விளையாடிவிட்டு வந்தார்கள். அந்த இடத்தில் பிரவுசர் விளையாட்டுக்கு ஒரு மரியாதை இருந்தது. காரணம், கம்ப்யூட்டரில் எதையும் ஏற்ற வேண்டாம், கடைக்காரர் அனுமதி வேண்டாம், பக்கத்தைத் திறந்தால் போதும். கம்ப்யூட்டர் சொந்தமாக இல்லாத பிள்ளைக்கும் அது எட்டியது. மணலைப் போல.

ஆனால் இந்த மணலுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. மைன்கிராஃப்ட் வளர்ந்தது, வளர்ந்த வடிவத்துக்கு விலை வந்தது. 2014இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதை உருவாக்கிய மொஜாங் கம்பெனியை 250 கோடி டாலருக்கு வாங்கியது. பிரவுசருக்குள் ஜாவா செருகுநிரலில் ஓடிய விளையாட்டுகளுக்கு, குரோம் உலாவி 2015இல் அந்த வசதியை எடுத்துவிட்டதும் கதவு அடைபட்டது. ஃபிளாஷ் என்ற நுட்பத்தில் ஓடிய எத்தனையோ விளையாட்டுகளின் கதை, 2020 டிசம்பர் 31ஆம் தேதி அடோபி நிறுவனம் அதற்கு ஆதரவை நிறுத்தியதோடு முடிந்தது. லாலியும் வரவில்லை, பீரங்கியும் வரவில்லை. யாரோ எங்கோ ஒரு முடிவெடுத்தார்கள், பிள்ளைகள் கட்டியது மறைந்தது.

2019 மே மாதம், விளையாட்டுக்குப் பத்து வயது ஆனதைக் கொண்டாட, 2009ஆம் ஆண்டு வடிவத்தையே மறுபடியும் பிரவுசரில் இலவசமாக வெளியிட்டார்கள். 32 வகைக் கட்டைகள் மட்டும். பழைய குறைகளைக்கூடத் திருத்தாமல் அப்படியே விட்டிருந்தார்கள். இணைப்பை அனுப்பினால் ஒன்பது நண்பர்கள் வரை சேர்ந்து கட்டலாம். நல்ல காரியம்தான். ஆனால் இலவசம் என்பது வேறு, நம்முடையது என்பது வேறு. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு நமக்கு இருக்கிறது. இதே பெயரைப் போட்டுக்கொண்டு, விளம்பரத்தை அள்ளிக் கொட்டும் போலிப் பக்கங்களும் இணையத்தில் உண்டு. தாத்தா பாட்டிமார் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு இரண்டு செய்திகள். ஐக்கிய நாடுகள் சபையின் குடியிருப்பு அமைப்பும் மொஜாங்கும் சேர்ந்து 2012இல் ஒரு திட்டம் தொடங்கின. கென்யத் தலைநகர் நைரோபியின் கிபெரா குடிசைப் பகுதியில், தங்கள் விளையாட்டுத் திடல் எப்படி இருக்க வேண்டும் என்பதை அங்கே வசிப்பவர்கள் இந்தக் கட்டைகளால் கட்டிக் காட்டினார்கள். வரைபடம் படிக்கத் தெரியாதவரும் இங்கே மரம் வேண்டும், அங்கே விளக்கு வேண்டும் என்று சொல்ல அது வழி செய்தது.

இரண்டாவது டென்மார்க் கதை. 2014இல் அந்நாட்டு அரசின் நில அளவைத் துறை தன் நாடு முழுவதையும், சுமார் 43,000 சதுர கிலோமீட்டரையும், அசல் அளவிலேயே இந்த விளையாட்டுக்குள் கட்டி வைத்தது. சில வாரங்களில் யாரோ விஷமிகள் உள்ளே புகுந்து, விளையாட்டு வெடியால் சில கட்டிடங்களைத் தகர்த்தார்கள். ஆண்டாள் காலத்துப் புகார்தான்! ஆனால் அதனால் நாடு தொலைந்து போகவில்லை. எந்த அளவுகளை வைத்துக் கட்டினார்களோ, அவை நில அளவைத் துறையிடம் பத்திரமாக இருந்தன.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். மணலோ, செங்கல்லோ, திரையில் தெரியும் கட்டையோ, எது கட்டினாலும் ஒருநாள் சிதையும். குறிப்பு இருந்தால் மறுபடி கட்டலாம். நம் கடற்கரை 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்தது, 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்தது. இந்தக் கரையில் வாழ்பவருக்கு இந்தப் பாடத்தை யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே நண்பர்களே, இந்த ஒன்றுகூடலில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். நாம் படித்த காலத்து வகுப்பறை, விடுதி, கேன்டீன், சைக்கிள் ஸ்டாண்டு இவற்றில் பல இன்று அந்த உருவத்தில் இல்லை. அவை இருந்த விதம் நம் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. தலைகளோ வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகின்றன. ஆளுக்கொரு தாளில், எந்த அறைக்கு எத்தனை ஜன்னல், படிக்கட்டு எந்தப் பக்கம், மணி எங்கே தொங்கியது, வேப்பமரம் எங்கே நின்றது என்று எழுதி, பழைய குரூப் போட்டோ இருந்தால் ஒரு பிரதியோடு சங்கத்தில் கொடுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் அதைக் கொடுத்தால், ஒரு கோடை விடுமுறையில் பழைய கல்லூரியைத் திரையில் கட்டிவிடுவார்கள். அந்தத் திரைக் கல்லூரியும் ஒருநாள் போகலாம். போகட்டும். தாள் சங்கத்தின் பீரோவில் இருக்கும், அடுத்த பிள்ளை எடுத்துக் கட்டும்.

ஜன்னல் கணக்கில் சண்டை வரும் என்று எனக்குத் தெரியும். வரட்டும், அதைப் பேசித் தீர்க்கத்தானே கூடியிருக்கிறோம்!