குருட்டு ஈயின் சாட்சியம்

கனிந்த வாழைக்குலையை மொய்க்கும் பழ ஈயைக் கையால் விரட்டாதார் நம்முள் இலர். அச்சிற்றுயிர், முப்பத்தைந்து ஆண்டுகள் நீடித்த ஒரு விஞ்ஞான வழக்கிலே சாட்சி கூறிய வரலாற்றை நேயர்கள் கேட்டல் தகும்.

வழக்கு 1953 இல் எழுந்தது. உலோவெல் ஹோக்கின், மேபெல் ஹோக்கின் என்னும் தம்பதியர், நரம்புகள் விடுக்கும் அசற்றைல்கோலினைப் புறாவின் சதையித் துண்டுகளுக்கு ஊட்டினர். சுரப்பு மிகுந்தது, அது எதிர்பார்த்ததே. கலமென்சவ்வின் பொசுபோலிப்பிட்டுக்களிலே கதிரியக்கப் பொசுபரசு விரைந்து சேர்ந்ததோ எவரும் எதிர்பாராதது. இலிப்பிட்டு என்பது கலத்தைச் சூழ்ந்த மதில் என்பதே அந்நாளைய எண்ணம். மதிலின் கல் பெயர்வதும் மீண்டும் பொருந்துவதும் ஒரு செய்தியா, அன்றி வேலை முடிந்தபின் நிகழும் பழுதுபார்ப்பா? செய்தியே என 1975 இல் இங்கிலாந்தின் றொபேட் மிச்செல் வாதிட்டார். பெயர்ந்த கல்லின் ஒரு துண்டு கலத்தினுள்ளே கல்சியத்தை விடுவிப்பதை 1983 இல் மைக்கேல் பெரிட்சும் அவர்தம் துணைவரும் காட்டினர். ஆயினும், உயிரோடு உலவும் பிராணிக்கு இச்செய்தி இன்றியமையாததா என்னும் வினா எஞ்சி நின்றது.

விடை, இவ்வழக்கை அறியாத ஓரிடத்திலே முன்னரே பிறந்திருந்தது. அமெரிக்காவின் பேடியூ பல்கலைக்கழகத்திலே வில்லியம் பாக் என்பவர், 1960களின் இறுதியில், ஒளியை நாடிச் செல்லாத ஈக்களைத் தேடிப் பிரித்து, அவற்றின் கண்களில் மின்வாய் பொருத்திப் பார்த்தார். சிலவற்றில் கண் செவ்வனே அமைந்திருந்தும், ஒளி பட்டபோது மின்மாற்றம் சிறிதும் எழவில்லை. அக்குறைக்கு ‘நோர்ப்-ஏ’ எனப் பெயரிட்டனர். காரணம் விளங்கவில்லை; எனினும் அக்குருட்டு வமிசத்தை அழியவிடாது தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்தனர். ஆய்வாளரின் பொறுமைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ!

1988 இல் அப்பரம்பரையலகு பிரித்தெடுக்கப்பட்டது. அது ஆக்கும் பொருள், இலிப்பிட்டைப் பிளக்கும் பொசுபோலிப்பேசு சி என்னும் நொதியமே. பிளவு நிகழாதாயின் ஈக்குப் பார்வையில்லை. பழுதுபார்ப்பு என்ற வாதம் இங்கே வலுவிழந்தது.

பிளந்தால் மட்டும் போதாது. பிளவில் எஞ்சும் இருகிளிசரைட்டை மாற்றியமைக்கும் நொதியம் பழுதுற்றால் விழித்திரையே சிதையும். ‘ஆர்-டி-ஜி-ஏ’ என்னும் வேறொரு வகை ஈயிலிருந்து 1993 இல் இவ்வுண்மை தெளிவாயிற்று.

மனிதனின் கோல், கூம்புக் கலங்கள் ஒளியை உணர்வது வேறு வழியால். ஆயினும் ஈயின் இந்நொதியத்திற்கு உறவான நொதியங்கள் நம் மூளையிலும் இதயத்திலும் உள்ளன.