எது தேய வேண்டும்?

முன்சக்கர பிரேக்கை வீட்டு வாசலில் வைத்தே மாற்றலாம் என்பது டிஸ்க் வந்த பிறகு கிடைத்த வசதி. நான் தொழில் பழகிய நாளில் அம்பாசடருக்கும் பியட்டுக்கும் நாலு சக்கரத்திலும் டிரம்தான். லைனிங் தேய்ந்தால் ஷூவைக் கழற்றி, லைனிங் அடிக்கிற கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய ரிவெட்டைத் துளைத்தெடுத்து, புது லைனிங்கை ஷூவின் வளைவோடு இறுக்கி, நடுவில் தொடங்கி ஓரத்துக்கு அடித்துக்கொண்டே போவார்கள். ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் இடைவெளி விழும். பிரேக் கத்தும்.

ஓடுகிற சக்கரத்தை நிறுத்த ஏதாவது தேய்ந்தாக வேண்டும். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குக் கணவரின் மூன்று சக்கர வண்டியை ஓட்டிப்போனபோது, இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் கட்டைமேல் தோல் வைத்து ஆணி அடித்து வாங்கிக்கொண்டார். லைனிங் மாற்றுகிற வேலை அன்று தெருவோரத்திலேயே முடிந்தது!

இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் பார்த்ததும் தோல்தான். இறக்கத்தில் போகிற வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸை வைத்துக் கட்டியிருந்தார்களாம். 1897-ல் அவர் ஆரம்பித்ததுதான் ஃபெரோடோ. சூடு ஏறினாலும் கருகாத பொருளைத் தேடிப்போய் ஆஸ்பெஸ்டாஸில் நின்றார். பிடிப்பில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் டிரம்மைத் திறந்ததும் அந்தத் தூசியை வாயால் ஊதிய தலைமுறை எங்களுடையது. அது நுரையீரலுக்கு எமன் என்று பட்டறையில் யாரும் சொல்லவில்லை.

டிஸ்க் பிரேக்குக்கு ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். உலோகத்தில் உலோகம் உரசி அது அலறியது. தாங்குகிற பேட் இல்லாமல் தட்டு மட்டும் இருந்து என்ன பயன்? அதனால் ஃப்ரூட்டுக்குத்தான் என் முதல் வணக்கம். 1953-ல் லெ மான் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் சி-டைப் ஜெயித்த பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. டிரம்முக்குள் சூடு அடைந்து கிடக்கும். தொடர்ந்து மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும். டிஸ்க் காற்றில் நிற்பதால் சீக்கிரம் ஆறும்.

பிரேக் போட்டால் வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால், முதலில் தேய்வது முன் பேட்தான். மாருதி 800 முன்னால் டிஸ்கோடு வந்தபோது இந்த வேலை எவ்வளவு சுருங்கிவிட்டது என்று மலைத்தேன். வீல் நட்டைத் தரையிலேயே தளர்த்தி, ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றினால், பெரும்பாலான சின்னக் கார்களில் பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பரின் கீழ் போல்ட் ஒன்றைக் கழற்றி மேலே தூக்கினால் போதும், பழைய பேட் கையோடு வந்துவிடும். புது பேட் தடிமனாக இருப்பதால் பிஸ்டனை சி கிளாம்ப் வைத்து மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும், வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் பூட்டியதும், வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து தரம் மிதித்துக் கெட்டிப்படுத்தியே தீர வேண்டும். பின்வாங்கிய பிஸ்டன் பேட்டைத் தொடும்வரை முதல் மிதிக்குப் பெடல் அடிவரை போகும். அப்போது பிரேக்கே இருக்காது.

சின்னக் கார் பலவற்றில் பின்னால் இன்றும் டிரம்தான். அதற்கும் லைனிங் ஒட்டிய ஷூவே செட்டாகக் கிடைக்கிறது. ரிவெட் அடிக்கிற கடைகளை இப்போது லாரியும் பஸ்ஸும்தான் காப்பாற்றுகின்றன.