உலோகங்காணி: கிந்தா பள்ளத்தாக்கில் தங்கமும் பழங்காசும் தேட

உலோகங்காணி என்பது மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தை மின்காந்தப் புலத்தைக் கொண்டு காட்டிக்கொடுக்கும் கருவி. கடைகளில் மெட்டல் டிடெக்டர் என்று கேட்டால்தான் தெரியும். தங்கம் தேடுகிறவரும் பழங்காசு தேடுகிறவரும் கடையில் ஒரே பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். ஆனால் இருவருக்கும் வேண்டிய கருவி ஒன்றல்ல. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கிந்தா மாவட்டத்தின் தலைநகரான பத்து காஜாவைச் சுற்றி, லம்பங்கள் எனப்படும் ஈயச் சுரங்கங்களும் ரப்பர் தோட்டங்களும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் மண்ணைக் கிளறியும் மாற்றியும் இருக்கின்றன. அதனால் எந்தக் கருவி வாங்குவது என்ற கேள்விக்கு இங்கே விலைப்பட்டியல் பதில் சொல்லாது. நிற்கும் மண் எது, தேடும் பொருள் எது என்ற இரண்டும்தான் பதில் சொல்லும்.

வரலாறு

1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலில் தங்கிய தோட்டாவைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு மின்காந்தக் கருவியைக் கொண்டுவந்தார். தோட்டா அகப்படவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத உலோகத்தை மின்சாரத்தால் தேடலாம் என்ற எண்ணம் உலகத்துக்குத் தெரிந்துபோனது. வானொலித் திசைகாட்டிகளில் வேலை செய்த கெர்ஹார்டு ஃபிஷர் 1937இல் கைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டுப் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி காணி 1942இல் எல் அலமேன் களத்தில் பயன்பட்டது. போருக்குப் பின் இந்தத் தொழில்நுட்பம் பொதுமக்கள் கைக்கு வந்தது. அமெரிக்காவில் காரெட் நிறுவனம் 1964இலும், ஆஸ்திரேலியாவில் மைன்லேப் நிறுவனம் 1985இலும் தொடங்கின.

1980இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு காரெட் கருவி 27 கிலோவுக்கு மேல் எடையுள்ள தங்கக் கட்டியைக் காட்டியது. 'நம்பிக்கையின் கை' என்று பொருள்படும் பெயரால் அது உலகப் புகழ் பெற்றது. அந்தச் செய்தியைப் படித்து நம் பக்கமும் கருவி வாங்கியவர்கள் உண்டு. ஆஸ்திரேலிய நிலமும் கிந்தா நிலமும் ஒன்றல்ல என்பதைத்தான் அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலை செய்யும் முறை

கருவியின் அடியில் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ ஒரு சுருள் இருக்கும். அதில் ஓடும் மாறுமின்னோட்டம் மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்புகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதன் மேற்பரப்பில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்க, சுருள் அதைப் பிடித்து ஒலியாகவும் திரையில் எண்ணாகவும் காட்டுகிறது.

வெள்ளியும் செம்பும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அவற்றில் எழும் சுழல் மின்னோட்டம் மெல்லத்தான் அடங்கும். குறைந்த அலைவெண் அவற்றுக்குப் போதும். தங்கமும் நல்ல கடத்திதான். ஆனால் இயற்கையில் அது பெரும்பாலும் சிறு துணுக்காகவே கிடைக்கிறது. துணுக்கில் எழும் மின்னோட்டம் எழுந்த வேகத்தில் மறைந்துவிடும் என்பதால் அதைப் பிடிக்க உயர்ந்த அலைவெண் வேண்டும். கருவித் தேர்வின் அடிப்படை இதுதான்.

கிந்தாவில் பலரும் கேட்கும் ஒரு கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஈயத் தாதுவை இந்தக் கருவி காட்டுமா? காட்டாது. காசிட்டரைட் எனும் அந்தத் தாது ஓர் ஆக்சைடு. அதில் சுழல் மின்னோட்டம் எழுவதில்லை. உருக்கி வார்த்த ஈயக் கட்டியானால் கருவி உடனே சொல்லிவிடும்.

வகைகள்

*ஒற்றை அலைவெண் கருவிகள்.* விலை குறைந்தவை, எடையும் குறைவு. காரெட் ஏஸ் 250 போன்ற தொடக்கநிலைக் கருவி 6.5 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. காசுக்கு ஏற்றது. காரெட் ஏடி கோல்டு 18 கிலோஹெர்ட்ஸ். மைன்லேப் கோல்டு மான்ஸ்டர் 1000 என்பது 45, ஃபிஷர் கோல்டு பக் 2 என்பது 71 கிலோஹெர்ட்ஸ். இந்த இரண்டும் தங்கத் துணுக்குக்கென்றே செய்யப்பட்டவை.

*பல அலைவெண் கருவிகள்.* ஒரே நேரத்தில் பல அலைவெண்களை அனுப்பி, வரும் பதில்களை ஒப்பிட்டுப் பார்ப்பவை. மைன்லேப் எக்வினாக்ஸ், வான்குவிஷ், நோக்டா லெஜண்டு ஆகியவை இவ்வகை. கனிமம் மிகுந்த மண்ணிலும் ஈர மண்ணிலும் இவற்றின் எண் அதிகம் தடுமாறாது.

*துடிப்புத் தூண்டல் கருவிகள்.* தொடர் அலைக்குப் பதிலாக மின்துடிப்புகளை அனுப்பி, துடிப்பு நின்றபின் வரும் பதிலைக் கேட்பவை. மைன்லேப் ஜிபிஎக்ஸ் வரிசை இதைச் சேர்ந்தது. இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணிலும் ஆழமாகப் பார்க்கும். ஆனால் இரும்பு எது, மற்ற உலோகம் எது என்று பிரித்துச் சொல்வதில் பின்தங்கியவை. விலையும் மிக அதிகம். குப்பை குறைந்த ஆஸ்திரேலியப் பாலைநிலத்துக்கு இவை பொருந்தும். ஆணியும் கம்பியும் இறைந்து கிடக்கும் பழைய தோட்டத்தில் நாள் முழுக்கத் துருவைத் தோண்ட வைக்கும்.

பத்து காஜா மண்

இவ்வட்டாரத்தில் தேடுகிறவர் மூன்று வகை நிலத்தைப் பார்ப்பார்.

முதலாவது, லம்பம் போட்ட நிலம். தஞ்சோங் துவாலாங் சாலையில் இன்று அருங்காட்சியகமாக நிற்கும் ஐந்தாம் எண் ஈயக் கப்பல் 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்தது. 4,500 டன் எடையுள்ள அந்த மிதக்கும் இயந்திரம் வாளிச் சங்கிலியால் மண்ணை அள்ளி, அலசி, பின்பக்கம் கொட்டிக்கொண்டே நகர்ந்தது. அப்படிப் புரட்டப்பட்ட நிலத்தில் அதற்கு முன் புதைந்த எதுவும் தன் இடத்தில் இருக்க வழியில்லை. வெண்மணலும் ஈயக்குட்டைகளும்தான் மிச்சம். சில இடங்களில் அமாங் கொட்டிக் கிடக்கும். இல்மனைட், மோனசைட், சிர்க்கான் போன்ற கனமான கனிமங்கள் கலந்த, ஈயம் எடுத்தபின் எஞ்சிய கருமணல் அது. அதன் மேல் சுருளை வீசினால், உள்ளே உலோகம் இல்லாமலே கருவி முனகும்.

இரண்டாவது, மேட்டுச் செம்மண். இரும்பு ஆக்சைடு மிகுந்தது. ரப்பர் தோட்டங்கள் பெரும்பாலும் இதில்தான் எழுந்தன. இங்கே மண்ணுக்கேற்பச் சமன் செய்யும் வசதி இல்லாத மலிவுக் கருவி திணறும். தரைச்சமன் என்ற அந்த வசதியைக் கையால் மாற்றக்கூடிய கருவியே தேவை.

மூன்றாவது, லம்பம் தொடாத குடியிருப்பு நிலம்: தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயங்களின் முற்றம், தோட்டப் பாதை, சந்தைத் திடல், வீட்டுத் தோட்டம். காசு தேடுவோருக்கு உண்மையான வயல் இதுதான்.

தங்கம்

பேராக்கில் தங்கம் உண்டு. மாநிலத்தின் தென்பகுதியில், பத்தாங் பாடாங் மாவட்டத்தின் பீடோர், தாப்பா வட்டாரங்களில் ஈயத்தோடு ஈயமாகத் தங்கமும் எடுக்கப்பட்டது. மலேசியாவின் பெரிய தங்கச் சுரங்கங்கள் பகாங்கில் இருக்கின்றன. ரவுப் நகரில் 1889 முதல் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தங்கம் எடுத்தது. கோலா லிப்பிஸ் அருகே பெஞ்சோம் சுரங்கம் பின்னாளில் எழுந்தது.

ஆற்று வண்டலில் கிடைக்கும் தங்கம் பெரும்பாலும் பொடி. மணலைவிடப் பல மடங்கு கனமானதால் வண்டலின் அடியில், பாறை இடுக்கில் தங்கும். மாவு போன்ற அந்தப் பொடியை எந்த உலோகங்காணியும் காட்டாது. அதற்கு டூலாங் தட்டுதான் கருவி. கிந்தாவில் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று, அகன்ற மரத்தட்டைச் சுழற்றிச் சுழற்றி, மேல் மணலை விளிம்பில் வழியவிட்டு, தட்டின் நடுவில் கருப்பாகப் படியும் ஈயத் தாதுவைச் சேர்த்தார்கள். தங்கத்துக்கும் அதே சுழற்சிதான். இறுதியில் கருமணலின் ஓரத்தில் மஞ்சள் கோடு தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

ஆகவே இங்கே தங்கம் தேட விரும்புகிறவர் முதலில் தட்டு வாங்கிப் பழகுவதே அறிவுடைமை. தட்டில் நெல்மணி அளவு துணுக்குகள் தென்படும் இடம் அமைந்தால், அப்போது 40 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கருவியும் சிறிய நீள்வட்டச் சுருளும் பயன்தரும். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து 2001இல் மூடப்பட்ட கோலார் சுரங்கத்தில் தங்கம் 3 கிலோமீட்டர் ஆழம் வரை பாறைக்குள் ஓடியது. அத்தகைய தங்கத்துக்கும் கைக்கருவிக்கும் தொடர்பே இல்லை.

பழங்காசு

கிந்தாவில் காசு தேடுவோர் எதிர்பார்க்கக்கூடியவை: பிரிட்டிஷ் ஆட்சிக்கால நீரிணைக் குடியேற்றங்களின் செம்புச் சதங்கள், 5, 10, 20 சென் வெள்ளிக் காசுகள், 1919இல் தொடங்கிய சதுர ஒரு சென், 1939 முதல் வந்த மலாயா சதுரக் காசு, 1953 முதல் வந்த மலாயா–பிரிட்டிஷ் போர்னியோ காசுகள், 1967 முதல் மலேசிய சென். ஜப்பானியர் ஆட்சியில் தாள் பணம் மதிப்பிழந்து போனதால், வெள்ளிக் காசு வைத்திருந்தவர்களுக்கு அதை ஒளித்து வைக்கக் காரணம் இருந்தது.

ஒவ்வொரு காசும் திரையில் ஒவ்வொரு எண்ணைக் காட்டும். வெள்ளி 20 சென் உயர்ந்த எண்ணையும், வெண்கலச் சதுரக் காசு சற்றுக் கீழான எண்ணையும், செப்பு-நிக்கல் 10 சென் மேலும் தாழ்ந்த எண்ணையும் தருவது வழக்கம். நீரிணை வெள்ளிக் காசுகளில் வெள்ளியின் பங்கு 1910களில் பெரிதும் குறைக்கப்பட்டதால் ஒரே மதிப்புள்ள காசுகளே வெவ்வேறு எண் காட்டலாம். 2012இல் வந்த 5, 10 சென் காசுகள் துருப்பிடிக்கா எஃகு என்பதால் அவற்றின் குரல் மெலிதாகவே கேட்கும். தங்க மோதிரமும் பானக் குவளையின் அலுமினிய வளையமும் ஒரே எண்ணில் வந்து நிற்பதுண்டு. அலுமினிய எண்ணை அடைத்துவிடுகிறவர் மோதிரத்தையும் சேர்த்தே இழக்கிறார்.

பழைய லயத்து முற்றத்தில் குப்பை மிகுதி. ரப்பர் பால் கிண்ணத்தைத் தாங்கிய கம்பி, தகரக் கூரை ஆணி, பால்டின் மூடி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இரண்டு ஆணிகளுக்கு நடுவே கிடக்கும் காசைப் பெரிய சுருள் ஒரே இரைச்சலாகக் கேட்கும். 15 சென்டிமீட்டர் சுருளை மெதுவாக, தரையை ஒட்டி நகர்த்தினால் கரகரப்புக்கு இடையே ஒரு தெளிவான ஒலி எழும். நின்ற இடத்திலிருந்து கால்வட்டம் சுற்றி மீண்டும் வீசிப் பார்க்க வேண்டும். இரு திசையிலும் எண் மாறாமல் நின்றால் தோண்டலாம். ஒரு திசையில் மட்டும் ஒலித்தால் பெரும்பாலும் அது வளைந்த ஆணி.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை

- தேடும் பொருள்: காசுக்கு 5 முதல் 15 கிலோஹெர்ட்ஸ் அல்லது பல அலைவெண், தங்கத் துணுக்குக்கு 40க்கு மேல்.
- தரைச்சமன்: தானாகவும் கையாலும் செய்ய இயல வேண்டும். செம்மண்ணுக்கு இது கட்டாயம்.
- சுருள்: கனிமம் மிகுந்த மண்ணுக்கு இரட்டை-டி வடிவச் சுருள் ஏற்றது. 28 சென்டிமீட்டர் சுருள் வெளித்திடலுக்கு, 15 சென்டிமீட்டர் சுருள் குப்பை மிகுந்த இடத்துக்கு.
- ஆழம்: காசளவுப் பொருளுக்கு 15 முதல் 25 சென்டிமீட்டர் என்பதே நடைமுறை. இதைவிட மிகப் பெரிய எண்ணைச் சொல்லும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.
- நீர்காப்பு: பிற்பகல் மழை வழக்கமான இவ்வட்டாரத்தில் சுருள் மட்டுமல்ல, கட்டுப்பாட்டுப் பெட்டியும் நனைந்தால் தாங்க வேண்டும்.
- எடை: மூன்று மணி நேரம் வீசினால்தான் கையின் கணக்குத் தெரியும். கடையில் தூக்கிப் பார்த்து வாங்குவது நல்லது.

புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கிந்தாவில் மிகப் பொருத்தமானது, தரைச்சமன் வசதியுள்ள இடைவிலைப் பல அலைவெண் கருவி. கூடவே குழிக்குள் இடம் காட்டும் கைக்காணியும் காதொலிப்பானும் இருந்தால் போதும்.

ஏமாற்றுக் கருவிகள்

பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தே தங்கத்தைக் காட்டும் என்று விற்கப்படும் ஆண்டெனா கருவிகளுக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை. ஏடிஇ 651 என்ற பெயரில் ஈராக்குக்கு வெடிகுண்டு காணியாக விற்கப்பட்ட பொருள், கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானின் மறுவடிவம் என்பது அம்பலமானது. விற்றவருக்கு 2013இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. உலகத்துக்கே தெரிந்த இந்த மோசடியின் உறவுகள்தான் புதையல் ஆசை காட்டி நம்மிடம் வருகின்றன.

சட்டமும் பாதுகாப்பும்

மலேசியாவில் மண்ணுக்குள் இருக்கும் கனிமம் மாநில அரசுக்கு உரியது. உரிமம் இன்றித் தங்கம் எடுப்பது குற்றம். பழம்பொருள்களுக்கு 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் பொருந்தும். பண்பாட்டு மதிப்புள்ளது என்று கருதத்தக்க பொருளோ உரியவர் தெரியாத புதையலோ கிடைத்தால் அதிகாரிகளிடம் அறிவிக்க வேண்டும். கிந்தாவின் மாவட்ட, நில அலுவலகம் பத்து காஜாவிலேயே இருக்கிறது. தனியார் நிலத்திலும் தோட்ட நிலத்திலும் உரியவரின் அனுமதி எழுத்தில் வேண்டும். கெல்லிஸ் காசல் போன்ற மரபிடங்களிலும், தோட்டம் துண்டாடப்பட்டபின் தனித்து நிற்கும் கோயில் வளாகங்களிலும், இடுகாடுகளிலும் கருவியை எடுக்கவே கூடாது.

1941 டிசம்பர் இறுதியில் அண்டை நகரான கம்பாரில் கடும் போர் நடந்தது. அதனால் துருப்பிடித்த உருளையோ கூம்போ குழியில் தெரிந்தால், அது வெடிக்காத குண்டாக இருக்கலாம்; தொடாமல் விலகி 999ஐ அழைக்க வேண்டும். ஈயக்குட்டை ஓரத்துச் சேறு உறுதியாகத் தெரிந்தாலும் ஆளை உள்வாங்கும்.

பதிவு

1936இல் பீடோர் ஈயச் சுரங்கத்தில் எட்டுக் கைகளுடைய அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை கிடைத்தது. இன்று அது தேசிய அருங்காட்சியகத்தின் அரிய செல்வம். மண்ணடுக்குகளைச் சுரங்கம் கலைத்துவிட்டதால், அதோடு வேறென்ன புதைந்திருந்தது என்று இனி யாராலும் தேடிப் பார்க்க முடியாது. ஒரு பொருள் கிடைத்த இடமும் ஆழமும் பொருளைப் போலவே மதிப்புள்ளவை. எனவே பொருளைக் குழியிலிருந்து எடுக்கும் முன் படம், ஆழம், இருப்பிடக் குறிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். காசைப் புளி போட்டுத் தேய்க்காமல் வெறும் நீரில் அலச வேண்டும். குழியை மூடி, புல்லை அழுத்திவிட வேண்டும். தோட்டத் தமிழர்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதப்பட்ட பதிவுகள் குறைவு. ஒரு லயத்து முற்றத்தில் எந்த ஆண்டுக் காசு கிடைத்தது என்ற சிறு குறிப்பும் அந்த வரலாற்றுக்குச் சான்று. நல்ல கருவி வாங்குகிறவர் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும்.